உறவுகளைப் பற்றி ஒரு சிறு நாடகக் குழு: ‘கிளவுட் நைன்’ உருவான விதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரில் சர்ச்சில் எழுதி, ஜாயின்ட் ஸ்டாக் என்ற சிறிய பிரிட்டிஷ் நாடகக் குழு 1979-இல் மேடையேற்றிய நாடகம் ‘கிளவுட் நைன்’. காதல், திருமணம், பாலீர்ப்பு, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைப் பற்றி நடிகர்களும் இயக்குநரும் எழுத்தாளரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதிலிருந்து அது பிறந்தது. இக்கால உறவுகளைப் பற்றிப் புதிய நாடகம் ஒன்றைக் கூட்டாக உருவாக்க விரும்பும் குழுக்கள் அதன் உருவாக்கம் குறித்துக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. நாடகத்தைப் படிக்காதவர்களும் பின்தொடரும்படி கதையும் சொல்லப்பட்டிருக்கிறது.

நாடகத்தின் கதை என்ன?

முதல் அங்கம் விக்டோரியா அரசியின் காலத்தில், ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு பிரிட்டிஷ் காலனியில் நடக்கிறது. கிளைவ் என்ற வெள்ளைக்கார நிர்வாகி நாட்டையும் வீட்டையும் ஒரே கையால் ஆளுகிறான். அவன் மனைவி பெட்டி அவன் விரும்புகிறபடி இருப்பதையே வாழ்க்கை என்று நம்புகிறவள். ஆனால் அவள் மனம் விருந்தாளியாக வரும் ஹாரி பேக்லியிடம் போகிறது. ஹாரிக்கோ கறுப்பின வேலைக்காரன் ஜோஷுவாவோடு மறைவான உறவு உண்டு. கிளைவின் மகன் எட்வர்ட் சின்னப் பையன் என்றும் பாராமல் ஹாரி அவனிடம் அத்துமீறியும் இருக்கிறான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் எலன் பெட்டியை நேசிக்கிறாள். கிளைவ் திருமதி சாண்டர்ஸ் என்ற விதவையின் பின்னால் அலைகிறான். ஹாரியின் நாட்டம் கிளைவுக்குத் தெரியவந்ததும், குடும்ப மானத்தையும் பேரரசின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காக ஹாரிக்கும் எலனுக்கும் அவசரமாகத் திருமணம் நடக்கிறது. அந்தக் கொண்டாட்டத்தின்போது ஜோஷுவா கிளைவை நோக்கித் துப்பாக்கியை உயர்த்துகிறான். அதைப் பார்த்துவிட்ட எட்வர்ட் எச்சரிக்காமல் காதைப் பொத்திக்கொள்கிறான்.

இரண்டாம் அங்கம் 1979-இல் லண்டன் பூங்கா ஒன்றில் நடக்கிறது; ஆனால் அதே பாத்திரங்களுக்கு 25 வயதுதான் கூடியிருக்கிறது. நடுவயதுப் பெட்டி கிளைவை விட்டுப் பிரிகிறாள். எட்வர்ட் அந்தப் பூங்காவில் தோட்ட வேலை செய்கிறான்; ஜெர்ரி என்ற ஆண் அவன் துணை. மகள் விக்டோரியாவுக்கு மார்ட்டின் என்ற கணவன் இருக்கிறான்; பெண் விடுதலையை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டே அவளைப் பேசவிடாதவன். கேத்தி என்ற சிறுமியைத் தனியாக வளர்க்கும் லின், விக்டோரியாவை விரும்புகிறாள். யார் யாரோடு, எந்த வீட்டில், எந்த ஏற்பாட்டில் வாழ்வது என்பதுதான் இந்த அங்கம் முழுவதும் பேசப்படும் விஷயம்.

ஜாயின்ட் ஸ்டாக் எப்படிப்பட்ட குழு?

மேக்ஸ் ஸ்டாஃபர்ட்-கிளார்க், டேவிட் ஹேர், டேவிட் ஆக்கின் ஆகியோர் 1974-இல் தொடங்கிய குழு. வில்லியம் காஸ்கில் விரைவில் அவர்களோடு இணைந்தார். சொந்த அரங்கு இல்லாமல் ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்டார்கள். சீனக் கிராமம் ஒன்றில் நடந்த நிலச் சீர்திருத்தத்தைப் பற்றிய ‘ஃபான்ஷென்’ நாடகத்தை 1975-இல் உருவாக்கியபோது, அதில் வரும் கிராமத்தார் கூட்டம் போட்டு விவாதித்து முடிவெடுக்கும் முறை குழுவுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதன்பின் குழு விவகாரங்கள் உறுப்பினர்களின் கூட்டத்தில் பேசி முடிவு செய்யப்பட்டன. சர்ச்சில் இவர்களோடு முதலில் வேலை செய்தது 1976-இல், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உள்நாட்டுப் போரைப் பற்றிய ‘லைட் ஷைனிங் இன் பக்கிங்ஹாம்ஷயர்’ நாடகத்துக்காக. ஆகவே ‘கிளவுட் நைன்’ தொடங்கும்போது அவரும் அதை இயக்கிய ஸ்டாஃபர்ட்-கிளார்க்கும் ஒருவர் வேலை முறையை மற்றவர் அறிந்திருந்தார்கள்.

நாடகம் உருவாக எவ்வளவு காலம் ஆயிற்று?

பட்டறைக்கு 3 வாரம், எழுதுவதற்கு 12 வாரம், ஒத்திகைக்கு 6 வாரம். 1978-இல் பட்டறை நடந்தது. 1979 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்டிங்டன் கலைக் கல்லூரியில் நாடகம் அரங்கேறியது. பிறகு பல ஊர்களுக்குப் போய் லண்டன் ராயல் கோர்ட் அரங்குக்கு வந்தது.

இந்தக் கணக்கில் நடுவில் இருக்கும் 12 வாரங்களைத்தான் பல குழுக்கள் கவனிக்கத் தவறுகின்றன. கூட்டாக உருவாக்கிய நாடகம் என்று கேள்விப்பட்டதும், எல்லோரும் எப்போதும் ஒரே அறையில் இருந்து எல்லா வசனத்தையும் சேர்ந்து உருவாக்கினார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். இங்கே நடந்தது வேறு. மூன்று வாரம் எல்லோரும் பேசினார்கள். அதன்பின் அந்தப் பேச்சைப் போல நான்கு மடங்கு காலம் ஒருவர் மட்டும் தனியாக இருந்தார். நாடகத்தின் வடிவம் அந்தத் தனிமையில்தான் கிடைத்தது.

பட்டறையில் உண்மையில் என்ன செய்தார்கள்?

பால் அரசியல், அதாவது ஆண், பெண், பாலீர்ப்பு ஆகியவற்றில் கலந்திருக்கும் அதிகாரம்தான் பட்டறையின் பொருள். அதற்கேற்ப வெவ்வேறு பாலீர்ப்பும் வெவ்வேறு வாழ்க்கை அனுபவமும் கொண்டவர்கள் கலந்திருக்கும்படி குழு சேர்க்கப்பட்டது. முந்தைய நாடகங்களுக்குத் தகவல் வெளியே இருந்தது. புத்தகத்திலோ, வேறு மனிதர்களிடமோ போய்த் தேட வேண்டியிருந்தது. இம்முறை தேட வேண்டிய இடம் நடிகர்களின் சொந்த வாழ்க்கையாகவே இருந்தது. அவர்கள் தம்மைப் பற்றிப் பேசுவதிலிருந்து தொடங்கினார்கள்: எப்படி வளர்க்கப்பட்டார்கள், திருமணத்தைப் பற்றியும் உடலைப் பற்றியும் சிறுவயதில் அவர்களுக்கு என்ன சொல்லித் தரப்பட்டது, இன்று யாரோடு எப்படி வாழ்கிறார்கள் என்று ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டார்கள். அதோடு ஆண், பெண் என்ற வார்ப்புகளையும் தலைகீழ் வேடங்களையும் வைத்து விளையாட்டுகளும், பிரதி இல்லாமல் அந்த இடத்திலேயே உருவாக்கி நடிக்கும் இம்ப்ரவைசேஷன்களும் நடந்தன. புத்தகங்கள் படித்தார்கள், வெளி ஆட்களையும் சந்தித்துப் பேசினார்கள்.

ஸ்டாஃபர்ட்-கிளார்க்கின் பட்டறைகளில் சீட்டுக் கட்டு முக்கியமான கருவி. நடிகர் ஒரு சீட்டை எடுப்பார். அதன் எண் அந்தக் காட்சியில் அவர் பாத்திரத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைத் தீர்மானிக்கும். பத்து வந்தவரும் இரண்டு வந்தவரும் ஒரே அறையில் தேநீர் அருந்தும் சாதாரணக் காட்சியை நடித்தால், அன்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பல சைகைகளில் அதிகாரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். கணவன் மனைவி காட்சி ஒன்றை வசனம் எதையும் மாற்றாமல், எண்களை மட்டும் மாற்றி இருமுறை நடித்துப் பார்க்கும்படி எந்தக் குழுவுக்கும் நான் சொல்வேன். உறவுகளைப் பற்றிய நாடகத்துக்கு இதைவிட நேரடியான பயிற்சி எனக்குத் தெரியாது.

நாடகத்துக்கு இந்தத் தலைப்பு எங்கிருந்து கிடைத்தது?

பட்டறை நடந்த கட்டடத்தைப் பராமரித்து வந்த பெண்மணியிடமிருந்து. நடிகர்கள் தம் வாழ்க்கையைப் பேசுவதை அறிந்த அவர், தம் கதையையும் சொன்னார். அடியும் உதையுமாகக் கழிந்த முதல் திருமணத்துக்குப் பிறகு, வயது ஏறிய காலத்தில் இரண்டாம் கணவரோடு உடலின்பத்தைக் கண்டடைந்த கதை அது. அந்த மகிழ்ச்சியை அவர் சொன்ன சொற்களே தலைப்பாயின; ‘கிளவுட் நைன்’ என்பது பெரும் மகிழ்ச்சியில் திளைப்பதைக் குறிக்கும் ஆங்கில வழக்கு. அறையில் இருந்தவர்களில் பலர் இளைஞர்கள், கலைஞர்கள், புதிய சிந்தனைகளைப் படித்தவர்கள். தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த மூத்த பெண் ஒருவர் அவர்கள் எதிர்பாராத இடத்திலிருந்து பேசியது பட்டறையின் பரப்பையே விரித்தது. வயதான பிறகு தன் உடலைத் தனக்கென்று கண்டுகொள்ளும் பெட்டியின் நீண்ட தனிமொழியைப் படிக்கும்போது இந்தப் பெண்மணி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்.

அப்படியென்றால் நடிகர்கள் சொன்ன கதைகள் அப்படியே மேடைக்கு வந்தனவா?

இல்லை. சர்ச்சில் தம் முன்னுரையில் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் பட்டறையில் உருவானவை அல்ல, ஆனால் பட்டறை இல்லாமல் இந்த நாடகத்தைத் தாம் எழுதியிருக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே இப்பக்கத்தை எழுத என்னைத் தூண்டியது.

ஒரு நடிகை தன் மணமுறிவைப் பற்றிப் பேசினாள் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஒரு காட்சியாக்கி அவளையே நடிக்கவைத்தால், முதல் சில நாட்கள் அறை கண்ணீரில் நனையும். ஆனால் ஒவ்வொரு மாலையும் அந்தக் காயத்தைத் திறந்து காட்ட வேண்டியவள் அவள்தான்; பார்வையாளருக்குக் கிடைப்பதோ ஒருத்தியின் துயரம் மட்டும். அந்தத் துயரம் எந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு வழி இருப்பதில்லை. சர்ச்சில், கேட்ட கதைகளைப் பின்னுக்குத் தள்ளி, அக்கதைகளுக்கெல்லாம் பொதுவாக இருந்தது என்ன என்று தேடினார். பட்டறையில் போகிற போக்கில் தொட்டுவிட்டுப்போன ஓர் எண்ணம் அவருக்குத் திரும்ப வந்தது: ஒரு நாட்டை அடக்குவதும் பாலினத்தின் பேரில் ஒருவரை அடக்குவதும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன, அடக்கப்பட்டவர் அடக்குபவரின் விருப்பத்தையே தம் விருப்பமாக உள்வாங்கிக்கொள்கிறார். பேசியவர் எவருடைய கதையும் மேடையில் இல்லை; ஆனால் பேசிய எல்லோரும் நாடகத்தில் தம்மை அடையாளம் காணலாம்.

உறவுகளைப் பற்றிய நாடகம் காலனி ஆப்பிரிக்காவில் தொடங்குவது ஏன்?

இந்த எண்ணத்தை வசனமாகச் சொல்லாமல் கண்ணுக்குக் காட்டும் வழி அதுதான். கிளைவ் தன் மனைவியைப் பற்றிப் பேசுவதையும் ஆப்பிரிக்கரைப் பற்றிப் பேசுவதையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, இரண்டுக்கும் அவனிடம் ஒரே அகராதி இருப்பது தெரியும். அவனுக்குப் பெண்ணும் இருண்ட கண்டமும் ஒரே அச்சம்.

அந்தப் பேரரசு இரண்டாம் அங்கத்தில் மறைந்துவிடவும் இல்லை. லின்னின் தம்பி பிரிட்டிஷ் படைவீரன். வட அயர்லாந்தில் கொல்லப்பட்டவன். ஆவியாகப் பூங்காவுக்கு வருகிறான். தங்கள் சொந்த ஏற்பாடுகளில் மூழ்கியிருக்கும் லண்டன்காரர்களின் நடுவே அவன் வந்து நிற்கும்போது, வீட்டுக்குள் கிடைத்த விடுதலையும் வெளியே தொடரும் ஆக்கிரமிப்பும் ஒரே நாட்டின் செயல்கள் என்பது நினைவூட்டப்படுகிறது.

இரண்டு அங்கங்களுக்கு இடையே நூறு ஆண்டுகள் போகும்போது பாத்திரங்களுக்கு மட்டும் 25 வயது கூடுவது எப்படி?

இது எழுத்தாளர் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சர்ச்சில் இரண்டு காரணங்களைத் தருகிறார். 1950-களின் ஆப்பிரிக்காவைவிட, காலனி ஆதிக்கம் உச்சத்தில் இருந்த விக்டோரியா காலம் முதல் அங்கத்துக்கு வலுச் சேர்க்கும் என்பது ஒன்று. மற்றொன்று நேரே பட்டறையிலிருந்து வந்தது. குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசியபோது, ஏறக்குறைய விக்டோரியா காலத்து எதிர்பார்ப்புகளோடுதான் தாங்கள் வளர்க்கப்பட்டதாகவும், பிறகு ஒரே ஆயுளில் மிக நீண்ட தூரம் வந்துவிட்டதாகவும் எல்லோரும் உணர்ந்தார்கள். நூறு ஆண்டு மாற்றத்தை 25 ஆண்டில் வாழ்ந்து தீர்த்த உணர்வு அது. அறையில் பலர் ஒரேவிதமாகச் சொன்ன உணர்வை எவருடைய வாயிலும் வசனமாக வைக்காமல், நாடகத்தின் கால அமைப்பாகவே மாற்றிவிட்டார். பேச்சிலிருந்து நாடகத்துக்குப் போகும் பாதைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பெட்டியாக ஆணும் எட்வர்டாகப் பெண்ணும் நடிப்பது எதற்காக?

முதல் அங்கத்துப் பெட்டி, ஆண்கள் எப்படி விரும்புகிறார்களோ அப்படியே இருக்க விரும்புகிறவள். எனவே அவளாக ஓர் ஆணே நடிக்கிறார். எட்வர்டை ஆண்பிள்ளையாக்க அவன் தந்தை படாத பாடு படுவது துலக்கமாகத் தெரியட்டும் என்று அவனாக ஒரு பெண் நடிக்கிறார். சிறுவர் வேடத்தைப் பெண்கள் ஏற்கும் பழைய ஆங்கில மேடை வழக்கமும் அதற்குத் துணை. குழந்தை விக்டோரியாவோ வெறும் பொம்மை. இரண்டாம் அங்கத்தில் பெட்டியாகப் பெண்ணும் எட்வர்டாக ஆணும் நடிக்கிறார்கள். சிறுமி கேத்தியாக மட்டும் வளர்ந்த ஆண் ஒருவர் நடிக்கிறார். சின்னக் குழந்தையின் உணர்ச்சி வேகத்துக்கு ஓர் ஆணின் உடல் பருமன் பொருத்தமாக இருந்தது என்பது சர்ச்சில் சொல்லும் காரணங்களில் ஒன்று.

தமிழ்ப் பார்வையாளருக்கு இது புதிதாக இருக்காது என்று சிலர் சொல்வதுண்டு. தெருக்கூத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டுகிறார்கள், சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் ஸ்திரீபார்ட் (பெண் வேட) நடிகர்கள் புகழ் பெற்றார்கள், டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் ஆனார், கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். ஆனால் அம்மரபின் வெற்றி, வேடத்துக்குள் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பார்வையாளர் மறந்துவிடுவதில் இருக்கிறது. ‘கிளவுட் நைன்’ அதை மறக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பெட்டியாக நடிப்பவர் குரலைக் குழைத்து நளினம் காட்டத் தொடங்கினால் நாடகம் கேலிக்கூத்தாகிவிடும். அவர் தம் குரலோடும் தம் உடலோடும் நின்று அந்த மனைவியின் வார்த்தைகளை மனமார நம்பிச் சொல்ல வேண்டும். இங்கே மேடையேற்ற விரும்புகிறவர்கள் ஒத்திகையில் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே.

ஜோஷுவாவாக வெள்ளைக்காரர் நடிப்பது ஏற்கத்தக்கதா?

வெள்ளையர் விரும்புகிறபடி இருக்க ஜோஷுவா விரும்புகிறான் என்பதால் அவனாக வெள்ளையர் நடிக்கிறார் என்பது நாடகத்தின் தர்க்கம். அது உறுதியான தர்க்கம்தான். ஆனால் 1979-இல் நடித்த எழுவரும் வெள்ளையர். ஆப்பிரிக்காவில் நடக்கும் நாடகத்தின் பட்டறையில் ஒரு கறுப்பின ஆப்பிரிக்கக் குரலும் இல்லை. பெண்களைப் பற்றியும் தன்பாலீர்ப்பாளரைப் பற்றியும் அந்த அறை தன் அனுபவத்திலிருந்து பேசியது. ஆப்பிரிக்கரைப் பற்றி ஊகத்திலிருந்து பேசியது. இரண்டாம் அங்கத்தில் பெட்டிக்கும் எட்வர்டுக்கும் கிடைக்கும் மறுவாழ்வு ஜோஷுவாவுக்குக் கிடைப்பதில்லை. அவன் அங்கே ஒரு பாத்திரமாகவே இல்லை. பட்டறையில் யார் இல்லையோ அவர்கள் நாடகத்திலும் முழுமை பெறமாட்டார்கள் என்பதை இந்த நாடகத்தின் பலமே நமக்குக் கூர்மையாக உணர்த்துகிறது. சாதி கடந்த காதலைப் பற்றித் தமிழில் நாடகம் உருவாக்கும் குழு, அறைக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முதல் நாளே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எத்தனை நடிகர்கள் நடித்தார்கள்?

ஏழு பேர், எல்லோரும் இரண்டு அங்கங்களிலும் நடித்தார்கள். ஆன்டனி ஷெர் முதல் அங்கத்தில் கிளைவாகவும் இரண்டாம் அங்கத்தில் சிறுமி கேத்தியாகவும் வந்தார். ஜிம் ஹூப்பர் பெட்டியாகவும் பிறகு எட்வர்டாகவும், ஜூலி கோவிங்டன் எட்வர்டாகவும் பிறகு பெட்டியாகவும் நடித்தார்கள். ஆட்டிப்படைத்த குடும்பத் தலைவனே அடுத்த அங்கத்தில் அடம்பிடிக்கும் குழந்தையாக வருவதைப் பார்க்கும்போது ஏற்படும் பொருளை எந்த வசனமும் தர முடியாது. ஆட்கள் குறைவு என்ற நெருக்கடியைச் சிறு குழுக்கள் இப்படித்தான் செல்வமாக்க வேண்டும்.

இது நடிகர்களே இம்ப்ரவைஸ் செய்து உருவாக்கும் நாடகத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அதே காலத்தில் பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீ அந்த முறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் முன்கூட்டியே பிரதி கிடையாது. நடிகர் தம் பாத்திரத்தை இயக்குநரோடு சேர்ந்து வளர்த்து, நீண்ட இம்ப்ரவைசேஷனில் பேசுவதிலிருந்து வசனம் உறுதியாகும். 1977-இல் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் வந்த ‘அபிகெய்ல்ஸ் பார்ட்டி’ அப்படி உருவானது. ஜாயின்ட் ஸ்டாக்கில் நடிகர் பொருளைத் தந்தார். எழுத்தாளர் பாத்திரத்தையும் வசனத்தையும் தந்தார். பேச்சின் இயல்பும் நுண்மையும் வேண்டுமென்றால் முதல் முறை நல்லது. காலத்தையே வளைக்கும் துணிச்சல் வேண்டுமென்றால் எழுத்தாளருக்குத் தனி நேரம் தர வேண்டும்.

இவ்வளவு காலத்துக்கு யார் பணம் தந்தார்கள்?

கிரேட் பிரிட்டன் ஆர்ட்ஸ் கவுன்சிலின் அரசு மானியம். பிரதி எழுதப்படாத நாடகத்துக்காக மூன்று வாரம் பேச நடிகர்களுக்குச் சம்பளம் கிடைத்தது அதனால்தான். 1980-களின் இறுதியில் மானியம் நின்றபோது குழுவும் முடிவுக்கு வந்தது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டும் கூட முடிகிற நம்மூர்க் குழு இந்த அட்டவணையை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் மூன்று கட்டங்களைக் கலந்துவிடாமல் வைத்துக்கொள்வதற்குப் பணம் தேவையில்லை.

நாடகம் ஏன் அந்தக் காலத்தில் வந்தது?

சட்டங்கள் வரிசையாக மாறியிருந்தன. 21 வயது நிறைந்த இரு ஆண்கள் தனிமையில் கொள்ளும் உறவு 1967-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமற்றதாயிற்று. மேடை நாடகத்துக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற பழைய தணிக்கை 1968-இல் நீங்கியது. மணவிலக்கை எளிதாக்கிய சட்டம் 1971-இல் நடைமுறைக்கு வந்தது. நாடகம் அரங்கேறிய மூன்றாம் மாதத்தில் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். கதவு திறந்திருந்த இடைவெளியில் எழுதப்பட்ட நாடகம் இது.

முதல் அங்கத்து உலகம் நமக்கு அந்நியமானதும் இல்லை. ஹாரியை அவசரத் திருமணத்துக்குத் தள்ளிய அதே காலத்து ஒழுக்கம்தான் 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவாக எழுதப்பட்டது. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-இல். இலங்கையின் தண்டனைச் சட்டத்தில் அதே மரபில் வந்த 365, 365-அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. மேடையின் நிலையும் அப்படித்தான். நாடகங்களைக் கட்டுப்படுத்தும் தமிழ்நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை, பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் செல்லாது என்று அறிவித்தது.

பிற்கால மேடையேற்றங்களில் நாடகம் மாறியதா?

1981-இல் டாமி டியூன் இயக்கத்தில் நியூயார்க்கில் நீண்ட நாள் ஓடியபோது, பெட்டியின் தனிமொழி இறுதியை நோக்கி நகர்த்தப்பட்டது. அதனால் பார்வையாளரின் உணர்ச்சி ஒருத்தியின் மீது குவிந்து உச்சம் பெற்றது. மூல வரிசையிலோ தனிமொழிக்குப் பிறகும் வாழ்க்கை நடக்கிறது. பெட்டி பூங்காவில் ஜெர்ரியோடு பேச்சுக் கொடுக்கிறாள். கடைசியில் முதல் அங்கத்துப் பெட்டி வந்து இன்றைய பெட்டியைத் தழுவுகிறாள். எனக்கு மூல வரிசையே சரியாகப் படுகிறது; ஏனெனில் இது ஒருத்தியின் வெற்றிக் கதையாக அல்ல, பலரின் தடுமாறும் ஏற்பாடுகளாக எழுதப்பட்டது.

தமிழில் ஒரு சிறு குழு இம்முறையைப் பின்பற்றினால் முதலில் எதைப் பேசி முடிவு செய்ய வேண்டும்?

யார் எழுதுவது என்பதை. எழுத்தாளர் பட்டறையின் முதல் நாளிலிருந்து உடனிருக்க வேண்டும்; அவரும் தம் வாழ்க்கையைப் பேச வேண்டும்; குறிப்பெடுக்கும் பார்வையாளராக மட்டும் அவர் மூலையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் வாய் அடைத்துப்போகும். பிறகு அவர் விலகிப்போகும்போது, காட்சி காட்சியாகக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். பிரதி வந்தபின் ஒத்திகையில் கேள்வி கேட்கவும் திருத்தக் கோரவும் நடிகருக்கு உரிமை உண்டு. நூலில் யார் பெயர், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்பதையும் பட்டறைக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நட்பை நம்பி இதைத் தள்ளிப்போட்டு உடைந்த குழுக்கள் உண்டு.

பட்டறையில் சொன்னது பிறகு வெளியே வரக்கூடாது என்று ஒருவர் கருதினால் என்ன செய்வது?

அவர் சொன்னால் போதும். காரணம் கேட்காமல் நீக்கிவிட வேண்டும். கைபேசியில் பதிவு செய்வது கூடாது. எடுத்த குறிப்புகள் எழுத்தாளரிடம் மட்டும் இருக்க வேண்டும். பேசாமல் இருக்கும் உரிமையும் பேசும் உரிமைக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டும், குறிப்பாகக் குழுவில் இளையவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருக்கும்போது. தன் பாலீர்ப்பையோ, வீட்டுக்குத் தெரியாத காதலையோ ஒருவர் நம்பிச் சொல்லியிருந்தால், அது வெளியே கசிவது நம் ஊர்களில் அவர் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே பிரதி முடிந்ததும், ஒத்திகை தொடங்குமுன், பட்டறையில் இருந்த ஒவ்வொருவரும் அதைத் தனியாகப் படித்துப் பார்க்க ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். தம்மை அடையாளம் காட்டிவிடும் என்று அவர்கள் கருதும் ஊர், தொழில், உறவுமுறை ஆகியவற்றை எழுத்தாளர் அந்த வாரத்திலேயே மாற்றித் தர வேண்டும்.